டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லை என்று கடிதம் வந்தால்: அப்பீலா, ட்ரிப்யூனலா, மறுபடி மெடிக்கல் போர்டா?

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவரையாவது காட்டுவார்கள். பதினைந்து பதினேழு வருடம் சர்வீஸ் முடித்து, நாற்பதை ஒட்டிய வயதில் ஊர் திரும்பி, மணலி கம்பெனி கேட்டிலோ வங்கி வாசலிலோ செக்யூரிட்டியாக நிற்பவர்கள். அவர்களில் பலருடைய பீரோவில், படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் அனுப்பிய ஒரு கடிதம் மடித்தபடி கிடக்கிறது. மெடிக்கல் போர்டு (படை மருத்துவர்கள் குழு) உங்கள் நோயால் வந்த ஊனத்தை 30 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறது, ஆனால் அது படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் முற்றியதும் அல்ல, ஆகவே டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது, ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று அதில் இருக்கும். இப்படி வந்ததும் அல்ல, முற்றியதும் அல்ல என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை (NANA) வைத்து, முன்னாள் படைவீரர்கள் மத்தியில் இதை ‘நானா’ கேஸ் என்பார்கள்.

கடிதம் வந்ததும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அப்பீல் போட்டு வை, எப்படியும் தள்ளிவிடுவார்கள் என்பார் ஒருவர். படைவீரர்களின் வழக்குகளுக்கென்றே இருக்கும் ஆயுதப்படை ட்ரிப்யூனலுக்கு நேராகப் போ என்பார் இன்னொருவர். ஹைகோர்ட் சென்னை பாரிஸ் கார்னரில்தானே இருக்கிறது, அங்கேயே கேஸ் போட்டுவிடலாம் என்பார் மூன்றாமவர். மறுபடி மெடிக்கல் போர்டு கேட்டால் சதவீதம் ஏறும் என்று சொல்பவரும் உண்டு. இந்த நாலு யோசனையும் யாரோ ஒருவருக்குச் சரியானதுதான். உங்களுக்கு எது சரி என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கடிதத்தில் எழுதியிருக்கும் காரணம் என்ன, நீங்கள் படையை விட்டு எத்தனை வருடம் ஆகிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்த வழியிலேயே போய் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்வது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பேப்பர்

எந்த வழியில் போவதாக இருந்தாலும் மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல் கையில் வேண்டும். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம். வெளியே வரும்போது கொடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸுக்கு பெங்களூரு. நேவியில் மாலுமியாக இருந்தவர்களுக்கு மும்பை மான்குர்த், ஏர்ஃபோர்ஸுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

அந்தப் படிவத்தின் முதல் பக்கங்களில் நீங்கள் எங்கெங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தீர்கள், அது பீஸ் ஸ்டேஷனா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (எல்லை போன்ற களப் பகுதி) என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட தேதியோடு ஒட்டிப் பாருங்கள். ஒருவர் ரஜோரியில் இரண்டரை வருடம் இருந்துவிட்டு செகந்திராபாத் வருகிறார், வந்த ஐந்தாவது மாதம் ரத்த அழுத்தம் என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போர்டு ‘பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, ஆகவே பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருக்கும். அந்த ஐந்து மாத இடைவெளியைப் பட்டியலில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அதுவே உங்கள் வாதத்தின் பாதி. அதே படிவத்தில் எடையையும் பாருங்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைவிட அதிகம் என்று எழுதியிருந்தால், உணவுக் கட்டுப்பாடு இல்லாததால் வந்த நோய் என்று அரசுத் தரப்பு நிச்சயம் சொல்லும். அதற்கும் சேர்த்தே பதில் தயாராக வேண்டும்.

பென்ஷனே இல்லாமல் சில வருட சர்வீஸில் அனுப்பப்பட்டவர்களுக்கு இது இன்னும் அவசரம். பென்ஷன் வாங்காதவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிட ராணுவ விதிமுறையில் இடம் உண்டு. போர்டு பேப்பரே இல்லாமல் வழக்கு நடத்துவது மிகவும் கடினம். 2001, 2002 வாக்கில் வந்தவர்கள் இந்தக் கட்டுரையை முடிப்பதற்கு முன்பே அந்த ஆர்.டி.ஐ. மனுவை எழுதிவிடலாம்.

காரணம் மூன்று வகை

டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்படுவதும், கிடைத்தும் குறைவதும் பெரும்பாலும் மூன்று காரணங்களால்தான். ஒன்று, நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்பது. இரண்டு, சம்பந்தம் உண்டு, ஆனால் ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே என்பது. மூன்று, பென்ஷன் வருகிறது, ஆனால் சதவீதத்தை மேல்தட்டுக்கு உயர்த்திக் கணக்கிடவில்லை என்பது.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குழப்பம் குறைவு. 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50லிருந்து 75வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கணக்கிடும் முறை 1996 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. முதலில் நோயால் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். சர்வீஸை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் பணம் எவ்வளவு என்று பாருங்கள். கடைசி சம்பளக் கணக்கு 40,000 ரூபாய் என்றால், நூறு சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. இருபது சதவீதத்துக்கு 2,400. அதையே 50 என்று உயர்த்தினால் 6,000. மாதம் 3,600 ரூபாய் வித்தியாசம், அதன்மேல் அகவிலை நிவாரணம் வேறு. இந்த மாதிரி கேஸில் சண்டை போட மருத்துவக் கேள்வியே இல்லை. ரெக்கார்ட்ஸுக்கு ஒரு மனு கொடுங்கள், மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ ட்ரிப்யூனலுக்குப் போங்கள். அப்பீல் கமிட்டிகளில் உட்கார்ந்து வருடத்தைக் கழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீங்கள் எந்தத் தேதியில் வெளியே வந்தீர்களோ, அந்தத் தேதியில் இருந்த விதிதான் உங்களுக்கு. 1982 விதிகள், அப்புறம் 2008 விதிகள், பிறகு 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் என்று மூன்று காலம் இருக்கிறது. புதிய விதிகளில் பெயரும் கணக்கும் பல இடத்தில் மாறியிருக்கின்றன. பழைய ஆளுக்குக் கிடைத்த உத்தரவைக் காட்டி, 2024ல் வெளியே வந்தவர் அப்படியே கேட்க முடியாது.

சதவீதம்தான் பிரச்சினை என்றால்

15 சதவீதம், 11 சதவீதம் என்று போட்டு விட்டுவிட்டார்கள் என்றால், அது மருத்துவக் கேள்வி. ட்ரிப்யூனல் உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்த்து 15ஐ 20 ஆக்காது. அங்கே போனாலும் பெரும்பாலும் மறுபடி ஒரு போர்டு வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பும். அதனால் முதல் அப்பீலிலேயே அப்பீல் மெடிக்கல் போர்டு வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் குறுக்கு வழி. வெளியே வந்த பிறகு நோய் முற்றியிருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். இதற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பார்த்த ஓ.பி. சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் உதவும். தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. சர்வீஸ் முடியும் முன்பே நோயைக் காரணம் காட்டி உங்களை வெளியே அனுப்பியிருந்தால், ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு, ஊனம் மட்டும் ரொம்பச் சின்னது என்று சொல்வதில் நியாயம் இல்லைதானே. அப்படிப்பட்டவர்களுக்கு மறுபோர்டைவிட ட்ரிப்யூனல் நல்லது.

மறுபோர்டில் இரண்டு ஆபத்து இருக்கிறது. சதவீதம் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அதைவிட முக்கியம், உங்கள் கடிதத்தில் இருக்கும் காரணம் ‘நானா’ என்றால் சதவீதம் 30லிருந்து 60 ஆனாலும் ஒரு ரூபாய் வராது. பணிக்குச் சம்பந்தமில்லாத 60 சதவீதம் என்றுதான் அது நிற்கும். இதைத் தெரியாமல் பரங்கிமலை மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு ஆலந்தூர் வழியாக அலைந்தவர்கள் உண்டு. உடம்பு முடியாதவர்களை அந்த அலைச்சலுக்கு அனுப்பும் முன்னால் கடிதத்தை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

‘நானா’ என்றால்

பெரும்பாலான கேஸ் இதுதான், போராட்டமும் இதில்தான். இந்த இடத்தில் நம் கையில் இருக்கும் பெரிய பலம் தரம்வீர் சிங் வழக்கு. சிக்னல்ஸ் பிரிவில் ஒன்பது வருடம் போல இருந்துவிட்டு, வலிப்பு நோய் என்று 1994ல் அனுப்பப்பட்டவர் அவர். ஊனம் 20 சதவீதம். பணிக்குச் சம்பந்தமில்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னதன் சாரம் இது: படையில் சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோயைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையது, ஜவானுடையது அல்ல. போர்டு வெறுமனே ‘சம்பந்தமில்லை’ என்று எழுதினால் போதாது, காரணம் சொல்ல வேண்டும்.

இதைப் படித்ததும் எல்லா ‘நானா’ கேஸும் ஜெயித்துவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. காயம் சம்பந்தப்பட்ட கேஸ்களில் பணிக்கும் காயத்துக்கும் நேரான தொடர்பைக் கோர்ட் கேட்கும். லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்ப, டிரங்குப் பெட்டியோடு சென்ட்ரலுக்குப் போகும் வழியில் அடிபட்டவர் பணியில் இருந்தவராகக் கருதப்பட இடம் உண்டு. அதே ஆள் லீவின் நடுவில் மச்சான் கல்யாணத்துக்கு பைக்கில் போய் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் விழுந்திருந்தால், இரண்டும் ஒரே மாதிரி எலும்பு முறிவாக இருந்தாலும், வழக்கு பலவீனம். வலி ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் இரண்டாவது ஆளுக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்து வக்கீல் செலவுக்குள் இழுத்துவிடுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

சரி, ‘நானா’ கேஸில் அப்பீலா, ட்ரிப்யூனலா?

முதல் அப்பீல் கடிதத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ரெக்கார்ட்ஸ் வழியாகத் தலைமையகத்தில் உள்ள அப்பீல் கமிட்டிக்குப் போகிறது. செலவு தபால் செலவுதான். ஜெயிக்கும் வாய்ப்பு? போர்டு சொன்னதையே திருப்பிச் சொல்லும் பதில்கள்தான் நிறைய வருகின்றன. ஆனாலும் இதைப் போட்டே ஆக வேண்டும். ஆயுதப்படை ட்ரிப்யூனல் சட்டம் 2007ன் 21ஆம் பிரிவுப்படி, கையில் இருக்கும் மற்ற வழிகளை முடித்துவிட்டு வந்தவரின் மனுவைத்தான் ட்ரிப்யூனல் வழக்கமாக ஏற்கும். அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் அந்த வழி முடிந்ததாகவே கணக்கு. ஆகவே அப்பீல் அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்பீலை ‘ஐயா, குடும்பக் கஷ்டம், கருணை காட்டவும்’ என்று எழுதுபவர்கள் அதிகம். கஷ்டம் உண்மைதான். ஆனால் அந்தக் கமிட்டி கஷ்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. சேரும்போது உடம்பு எப்படி இருந்தது, நோய் எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முன் எந்த ஃபீல்டு ஏரியாவில் இருந்தேன், போர்டு காரணம் சொல்லாத வரி எது என்று நாலு பத்தியில் எழுதுங்கள். நாளை ட்ரிப்யூனலில் அந்தக் காகிதம்தான் முதலில் படிக்கப்படும். அப்பீலில் இவர் இதைச் சொல்லவே இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்க இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது அப்பீலில்தான் முடிவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. முதல் அப்பீல் தள்ளுபடியானால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் அடுத்த கமிட்டிக்குப் போகலாம். அதைப் போடாமல் ட்ரிப்யூனலுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், ஏன் போடவில்லை என்று அரசுத் தரப்பு ஆட்சேபித்த வழக்குகளும் இருக்கின்றன. இங்கேதான் நீங்கள் வெளியே வந்து எத்தனை வருடம் ஆகிறது என்ற கேள்வி வருகிறது.

தர்செம் சிங் வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் ஒரு நிலையைச் சொன்னது. மாதாமாதம் பென்ஷன் மறுக்கப்படுவது தொடர்ந்து நடக்கும் தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் வழக்கைக் கேட்கலாம், ஆனால் பழைய பாக்கி வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். ட்ரிப்யூனல் உத்தரவுகள் வழக்கமாக இதைப் பின்பற்றி வந்திருக்கின்றன. 2010ல் வெளியே வந்த ஒருவர் 2025ல் வழக்குப் போட்டால் 2022லிருந்துதான் அரியர்ஸ். அவர் இரண்டாவது அப்பீலுக்காக இன்னொரு வருடம் காத்திருந்தால் ஒரு வருட அரியர்ஸ் போய்விடும். மேலே சொன்ன 6,000 ரூபாய்க் கணக்கில் அது 72,000 ரூபாய். எனவே பழைய ஆட்கள், முதல் அப்பீலுக்குப் பதில் வந்ததும் அல்லது ஆறு மாதம் கழிந்ததும், தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்து நேராக ட்ரிப்யூனலுக்குப் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ வந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. மூன்று வருடத்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டாவது அப்பீலையும் சுருக்கமாகப் போட்டு, காலண்டரில் ஆறு மாதம் குறித்துவைத்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆட்சேபத்துக்கு இடமும் இருக்காது. அதுபோல, முதல் அப்பீலுக்குப் பிறகு புதிதாக ஒரு ஆவணம் கிடைத்திருந்தால், உதாரணமாக தொலைந்துபோன இன்ஜுரி ரிப்போர்ட் ஆர்.டி.ஐ.யில் வந்திருந்தால், இரண்டாவது அப்பீல் நிஜமாகவே பலன் தரலாம்.

ட்ரிப்யூனலும் ஹைகோர்ட்டும்

ஆயுதப்படை ட்ரிப்யூனல் 2009லிருந்து இயங்குகிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை, சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த ஒருவரும், படையில் உயர்பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து உட்காருவார்கள். பீஸ் ஏரியா, ஃபீல்டு ஏரியா, லோ மெடிக்கல் கேட்டகிரி என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதை நான் பெரிய வசதியாக நினைக்கிறேன். குறை என்றால், உறுப்பினர் இடம் காலியாகிவிட்டால் விசாரணை தள்ளிப்போகும். உங்கள் வழக்கை நீங்களே எடுத்துச் சொல்ல அனுமதி உண்டு. ஆனால் நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும், தீர்ப்புகளை மேற்கோள் காட்ட வேண்டும். மூன்றாவது வகைக் கேஸைத் தானே நடத்த முடிந்தவர்கள்கூட, ‘நானா’ கேஸுக்கு வக்கீல் வைப்பது நல்லது.

ஹைகோர்ட்டைப் பொறுத்தவரை, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்பதற்காக அதை முதல் படியாக எடுக்க முடியாது. தரைப்படை, கடற்படை, விமானப்படைக்காரர்களின் பென்ஷன் வழக்கு முதலில் ட்ரிப்யூனலுக்குத்தான் போக வேண்டும். அங்கே தோற்றால்? 2015ல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, ஹைகோர்ட் இதில் தலையிடக்கூடாது, உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும் என்ற நிலை இருந்தது. வடசென்னையில் வாடகை வீட்டில் இருக்கும், நாயக் ரேங்கில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு டெல்லியில் வக்கீல் வைக்க எங்கே முடியும்? 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை மாற்றி, ட்ரிப்யூனல் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்று தெளிவாக்கிவிட்டது. இதனால் நமக்குக் கதவு திறந்தது. அரசுக்கும் அதே கதவு திறந்தது. நீங்கள் ட்ரிப்யூனலில் ஜெயித்த பிறகு அரசு பாரிஸுக்குப் போகலாம், அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரிப் படைகளில் இருந்து வந்தவர்கள் இந்த ட்ரிப்யூனலில் வர மாட்டார்கள். அவர்களுக்கு விதிகளும் வேறு. துறைக்குள் முறையீடு முடிந்ததும் ஹைகோர்ட்தான் அவர்களுக்கான இடம். இரண்டு வகையினரும் ஒரே சங்கத்தில் இருப்பதால் யோசனை கலந்துவிடுகிறது, கவனம்.

யார் கையில் கொடுப்பது

பெரியமேடு ராஜா முத்தையா சாலையில் முன்னாள் படைவீரர் நல இயக்குநரகம் இருக்கிறது. மாவட்ட நல அலுவலகங்கள் விண்ணப்பத்தை அனுப்பவும், ரெக்கார்ட்ஸோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் உதவும். காசு செலவில்லாத இடம், முதல் அப்பீல்வரை அங்கேயே வேலையை முடிக்கலாம். வழக்குக்கு இலவச சட்ட உதவி கேட்கவும் உரிமை இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டத்தின் 12ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் வருகிறார்கள். ஜவானின் மனைவியோ விதவையோ கேட்டாலும் தகுதி உண்டு. மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு ஹைகோர்ட் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. இதைக் கேட்பதைக் கௌரவக் குறைச்சலாகப் பல சுபேதார் ஐயாக்கள் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

சொந்த வக்கீல் வைத்தால் கட்டணத்தை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். அரியர்ஸ் வந்ததும் அதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று பேசுகிற ஆட்கள் நம் பக்கம் சுற்றுகிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கிறது. வக்கீலே இல்லாத இடைத்தரகர் கேட்டால் ஸ்பர்ஷ் (படைத்துறை பென்ஷனுக்கான இணையதளம்) பாஸ்வேர்டையோ பேங்க் பாஸ்புக்கையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். தன் மாமனாரின் ஸ்பர்ஷ் கணக்கை ஒருவர் செல்போன் நம்பர் மாற்றித் தன் கையில் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவருக்கு எவ்வளவு அரியர்ஸ் வந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவச் செலவு தனிக் கணக்கு. 2003லிருந்து இருக்கும் ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் பில் மறுக்கப்பட்டால் அதை டிஸெபிலிட்டி பென்ஷன் அப்பீலோடு கலக்க வேண்டாம். அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்து, அதன் ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பாலிகிளினிக், மண்டல மையம், டெல்லி தலைமை அமைப்பு என்று மேலே எழுத வேண்டும். நோயால் வெளியே அனுப்பப்பட்டு, பென்ஷன் மறுக்கப்பட்டதால் ஈ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லாமல் நிற்பவர்களுக்கு மட்டும், பென்ஷன் வழக்கில் ஜெயிப்பதே மருத்துவ வசதிக்கும் வழி.

உத்தரவு கைக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. ட்ரிப்யூனல் வழக்கமாக மூன்று நாலு மாதக் கெடு கொடுக்கும், தாண்டினால் வட்டி என்றும் எழுதும். கெடு முடிந்தும் புதிய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வரவில்லையென்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். இதைத் தனி வழக்காக நினைத்துப் பயந்து விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். வக்கீலிடம் கட்டணம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடலாம். பி.பி.ஓ. வந்ததும் சதவீதம், தொடக்கத் தேதி, வாழ்நாள் முழுக்கவா குறிப்பிட்ட காலத்துக்கா என்ற மூன்றையும் உத்தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கு நடக்கும்போதே ஜவான் இறந்துவிட்டால் மனைவி தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு போட்டு வழக்கைத் தொடரலாம், அதுவரையிலான பாக்கி அவருக்கு வர வேண்டிய பணம். இறந்ததற்குக் காரணம் அதே நோய் என்றால், ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்க முடியுமா என்பதையும் அதே வக்கீலிடம் அப்போதே கேளுங்கள். அதற்கு ஆஸ்பத்திரி கொடுக்கும் இறப்புக் காரணச் சான்றிதழ் வேண்டும். உடலை வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.